கொழுந்து கிள்ளிய கை

நோயாளியின் கையைக் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்தக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். துணியை எப்படிச் சுற்றுவது, எத்தனை விரல் இடைவெளி விடுவது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்ப்பது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அந்தக் கை ஏன் அசைகிறது என்று கேட்க மட்டும் சொல்லித் தர மாட்டார்கள்.

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் காலை ரயிலில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, வார்டில் மலையாளம் பேசி, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது மட்டும் தமிழ் பேசும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் முப்பத்துமூன்று வருடம் நர்ஸாக இருந்தவள். கடைசிப் பதினொரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். தெரியாதவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். என் சாமர்த்தியத்தைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை. என் கையால் ஒருத்தி செத்துப்போகவிருந்த கதை இது.

அவள் பெயர் பேச்சியம்மாள். முப்பத்தெட்டு வயது. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மலையடிவாரத்து வித்துராவிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை. புடவை முழுக்க நனைந்திருந்தது. பாதி மருந்துத் தண்ணீர், பாதி அவள் வியர்வை. கண்மணி இரண்டும் கடுகைவிடச் சிறியதாகச் சுருங்கியிருந்தன. தோளிலும் தொடையிலும் தோலுக்கடியில் புழு ஓடுவதுபோல் தசை துடித்தது. அவள் புருஷன் தங்கராஜ் ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். பையில் பூச்சிமருந்து பாட்டில்.

"பயறுக்கு அடிக்க மருந்து கலக்கினோம் சிஸ்டரே. குச்சியக் காணோம்னு இவ கையவிட்டுக் கலக்கிட்டா. அப்புறம் அந்த ஸ்ப்ரே டப்பாவ இவ முதுகுல தூக்கி வச்சேன், மூடி சரியா மூடல. மேலெல்லாம் ஊத்திடுச்சு. நான்தான் மூடினேன். நான்தான்."

பாட்டிலைக் கொண்டுவந்ததற்காக அவனை நான் பாராட்டியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ஒரு குச்சிக்கா பஞ்சம்? காட்டுக்குள்ள இருந்துக்கிட்டு?" அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்த விஷம் என்ன செய்யும் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். நான் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நான் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவின் பின்னால் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குச் சாக்கும் கயிறும் வியாபாரம். லாரியிலிருந்து மூட்டை இறங்கும். இறங்கியதை உடனுக்குடன் அப்புறப்படுத்த ஒரு ஆள் நிற்பான். அவன் நிற்கும்வரை தெரு நகரும். நரம்பு, சுரப்பிக்கும் தசைக்கும் சேதி சொல்ல இறக்கும் மூட்டைதான் அசிட்டைல்கோலின். சேதி போய்ச் சேர்ந்ததும் அதைச் சிதைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. லாரி நிற்காது. மூட்டை கடை கடையாக ஏறிக் குவியும். கண்ணீர், எச்சில், வியர்வை எல்லாம் கட்டுமீறி வரும். நெஞ்சுக்குள் சளி பொங்கும். தசை துடித்துத் துடித்துத் துவண்டுவிடும். குளமும் வேண்டாம், ஆறும் வேண்டாம். கட்டிலில் படுத்தபடியே ஆள் மூழ்கிச் சாவான்.

இதற்கு நாங்கள் கொடுக்கும் மாற்று மருந்தான அட்ரோபின் அந்த நொதியை அவிழ்த்துவிடுவதில்லை. ஒரு மூட்டையைக்கூட எடுப்பதில்லை. கடைகளின் ஷட்டரை இறக்குகிறது, அவ்வளவுதான். மூட்டை தெருவில் கிடக்கும், உள்ளே போகாது. நெஞ்சு காயும், நாடி ஏறும், ஆள் பிழைப்பான். ஆனால் மூளைக்குள்ளும் இதே கடைகள் இருக்கின்றன. கவனம், ஞாபகம், எது இருக்கிறது எது இல்லை என்ற தெளிவு எல்லாம் அங்கேதான் வியாபாரமாகிறது. அளவுக்கு மேல் ஷட்டரை இறக்கினால் அதுவும் மூடிக்கொள்ளும். உடம்பு கொதிக்கும், நாக்கு காயும், குடல் அசைவை நிறுத்தும். ஆள் இல்லாததைப் பார்ப்பான், இல்லாததைப் பிடிப்பான். எவ்வளவு இறக்கினால் போதும் என்று எந்த மெஷினும் சொல்லாது. பக்கத்தில் நிற்பவள்தான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பேச்சியம்மாளின் நெஞ்சு தெளிந்துவிட்டது. மூச்சுக்குழாய் போட வேண்டி வரவில்லை. முகமூடியில் ஆக்சிஜன், கையில் பம்ப் வழியாக அட்ரோபின். நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் என் ஷிஃப்ட். பதினொரு மணி இருக்கும். பேச்சியம்மாளின் வலது கை போர்வையின் மேல் அசைய ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ கிள்ளும், பக்கவாட்டில் போடும். மறுபடி கிள்ளும், போடும். பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. உதடு எதையோ முணுமுணுத்தது.

அன்று டியூட்டியில் இருந்தவள் மேல்படிப்பு படிக்கும் ஒரு டாக்டர் பெண், கோட்டயத்துக்காரி. கெட்டிக்காரிதான். கட்டில் பக்கம் வந்து நின்று பார்த்தாள்.

"சேச்சி, இது எந்தா காட்டுறது? சேச்சிக்குத் தமிழ் தெரியுமல்லோ. என்ன சொல்றா?"

அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. தமிழ் நோயாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அவர்கள் என்ன சாப்பிடுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள், எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள் என்று நான்தான் விளக்கம் சொல்வேன். நான் போனக்காட்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, மருத்துவ முகாமுக்கு ஜீப்பில் போயிருக்கிறேன். பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து கிள்ளுவதைப் பார்த்தேன். நாலு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தேன். எனக்கு அந்த ஜனங்களைத் தெரியும் என்று நான் சொன்னது அந்த நாலு மணி நேரத்தை நம்பித்தான்.

"கொழுந்து எடுக்குறா டாக்டரே," என்றேன். "எஸ்டேட்காரியில்லையா. கைக்குப் பழக்கம் விடுமா? போதம் போனாலும் தொழில் போகாது."

டாக்டர் பெண் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் நர்ஸும் சிரித்தாள். எனக்கு உற்சாகம் இன்னும் கொஞ்சம் ஏறியது. குனிந்து பேச்சியம்மாளின் காதருகே, "நல்லா கிள்ளு தாயி, சூப்பர்வைசர் பாக்குறாரு," என்றேன். மறுபடி சிரிப்பு.

பிறகு குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இது: 'நோயாளி தேயிலை பறிப்பவர். தொழில் பழக்கத்தால் கை அசைவு. கவலைப்பட ஒன்றுமில்லை.' கையெழுத்துப் போட்டேன். ஷிஃப்ட் மாறும்போது வந்தவளிடம் வாயாலும் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

நான் வீட்டுக்குப் போன பிறகு அந்த ஒரு வரி செய்த வேலையைப் பாருங்கள். கை இன்னும் வேகமாக அசைந்தது. அடுத்து வந்தவள் என் வரியைப் பார்த்து, 'தொழில் அசைவு தொடர்கிறது' என்று எழுதினாள். அதற்கடுத்தவளும் அப்படியே எழுதினாள். ஜுரம் வந்தது, நெஞ்சில் கிருமி என்று ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். நாடி நூற்று நாற்பதைத் தாண்டியது, ஜுரத்தால் என்றார்கள். எழுந்து உட்கார்ந்து குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். அமைதிப்படுத்த ஒரு ஊசி போட்டுக் கையைக் கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்குமோ என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க ஆரம்பிக்க வேண்டிய முதல் இடத்தில் நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

திங்கட்கிழமை காலை வந்தேன். கட்டிய கைகளைப் பார்த்தேன். கட்டுக்குள்ளேயும் விரல்கள் கிள்ளிக்கொண்டிருந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உண்மையைத்தான் எழுதுகிறேன். இரண்டு நாள் அட்ரோபின், ஜுரம், கட்டில் கம்பியைப் பார்த்துப் பேசும் ஒருத்தி. கிட்டத்தட்ட முப்பது வருடம் வேலை பார்த்த கண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்? கண் பார்த்தது. என் வரி அதை மறைத்தது.

பத்து மணிக்குப் பார்வையாளர் நேரம். தங்கராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "என்னப்பா, உன் வீட்டுக்காரி ரெண்டு நாள்ல ஒரு லாரி கொழுந்து எடுத்திருப்பா போல," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

"என்ன கொழுந்து?"

"விடாம கிள்ளிக்கிட்டே இருக்கா. எஸ்டேட் வேலை கையில ஊறிப் போயிருக்கு."

"நேத்தும் ஒரு சிஸ்டர் இதையேதான் சொல்லிச் சிரிச்சாங்க," என்றான். குரல் இறுகிவிட்டது. "எஸ்டேட்காரன்னா உங்களுக்கெல்லாம் எளக்காரம்னு நெனச்சு வாய மூடிக்கிட்டுப் போயிட்டேன். இவ டைலர், சிஸ்டரே. எட்டாங் கிளாஸ் முடிச்சதும் வித்துராவுக்குத் தையல் படிக்க எறங்கினவ. இருபது வருசமா அங்கதான் பிளவுஸ் தைக்கிறா. அவ அம்மாதான் கொழுந்து எடுத்தாங்க. இவ ஒரு நாள்கூடத் தேயிலைச் செடியத் தொட்டதில்ல. அட்டைன்னா அவ்வளவு பயம்."

அவன் இன்னும் ஏதோ சொன்னான். கையை ஏன் கட்டினீர்கள் என்று கேட்டான் என்று நினைக்கிறேன். நான் உள்ளே திரும்பினேன். ஓடவில்லை. ஓடினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு அப்போதும் இருந்தது.

புறங்கையை அவள் அக்குளில் வைத்தேன். அடுப்புக்கல் மாதிரி சுட்டது, ஒரு துளி ஈரமில்லை. நாக்கு மரப்பட்டையாகக் காய்ந்திருந்தது. கண்மணி இரண்டும் அகல விரிந்து, கண்ணில் வேறு நிறமே இல்லை. வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரண்டு நிமிடம் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பம்ப் மட்டும் கடமை தவறாமல் அட்ரோபினை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

விஷம் அவளை விட்டு எப்போதோ விலக ஆரம்பித்திருக்க வேண்டும். இப்போது அவளைக் கொன்றுகொண்டிருந்தது நாங்கள் கொடுத்த மருந்து.

டாக்டர் பெண்ணைத் தனியே கூப்பிட்டேன். "இது விஷமில்ல டாக்டரே. மருந்து கூடிப்போச்சு. பம்பை நிறுத்தணும்."

அவள் முகம் வெளுத்தது. "வேண்டா சேச்சி. குறைச்சா முங்கிப் போகும்."

அவள் பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். முந்தைய மாதம்தான் ஒரு வாழை விவசாயி. அட்ரோபினைச் சீக்கிரம் குறைத்துவிட்டார்கள். கொழுப்பில் தங்கிய விஷம் திரும்ப இறங்கி, இரண்டு மணி நேரத்தில் நெஞ்சு நிறைந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது பக்கத்தில் நின்றவள் இவள்தான். அன்றிலிருந்து குறைப்பது என்ற பேச்சை எடுத்தாலே இவள் காது கொடுக்க மாட்டாள். அது கோழைத்தனமில்லை. ஒரு சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அடுத்த சாவும் அதே வழியில்தான் வரும் என்று தோன்றும். இது எதிர் வழியில் வந்துகொண்டிருந்தது.

"கை அசைவு பழக்கம்னு எழுதியிருக்கல்லோ?" என்றாள். "அது நோக்கித்தானே மத்ததெல்லாம் நாங்க வேற வேறன்னு வச்சோம்."

இந்த இடத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். 'புதிதாக இப்போதுதான் இந்த அறிகுறி தெரிகிறது' என்று சொல்லிவிடலாம். அவளும் நம்புவாள். தாளை மாற்றி எழுதவும் வழியிருந்தது. பக்கத்துக் கட்டில் நர்ஸ் நான் பதறுவதைப் பார்த்துவிட்டு வந்து, "சேச்சி, ஞாயிறு தாளை வேணும்னா வேற எழுதிடலாம், நான் கூட இருக்கேன்," என்று காதில் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது. ஓய்வூதியம், மகள் கல்யாணம், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன.

ஆனால் அந்த வரி அங்கே நிற்கும்வரை டாக்டர் பெண் பம்பில் கை வைக்க மாட்டாள். வரி பொய் என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தைரியம் வரும். பொய் என்று சொல்ல எழுதியவளால்தான் முடியும்.

"அது நான் எழுதினது," என்றேன். "தப்பா எழுதினது. இவ தேயிலை பறிக்கிறவளே இல்ல, டைலர். நான் கேக்கவே இல்ல. பாத்த உடனே எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் இருந்தது. "சீஃபை விளிக்கலாம்," என்றாள்.

சீஃப், அதாவது எங்கள் தலைமை டாக்டர், புறநோயாளிப் பிரிவிலிருந்து படியேறி வந்தார். வேண்டாத வார்த்தை ஒன்று பேசாத மனிதர். கண்ணைப் பார்த்தார். வயிற்றைக் கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டி என் வரியில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"நான் சார்."

"ம்." விரலை எடுக்கவில்லை. "இப்போ பம்பை நிறுத்து. உடம்பைக் குளிரவை. குடல் சத்தம் வந்து, தோல்ல ஈரம் வந்தா, குறைஞ்ச அளவுல மறுபடி தொடங்கணும். அதுக்கு முன்ன நெஞ்சு ஈரமானா உடனே என்னை விளி. பக்கத்துல ஆள் வேணும். ஒரு நிமிஷம் அகலக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ உக்காரு. வேற யாரும் வேண்டாம்."

பதினொன்றரைக்குப் பம்பை நிறுத்தினோம். அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், கீழே உள்ளது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் 'தவறான விளக்கம்' என்று எழுதி, நேரமும் கையெழுத்தும் போட்டேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். வெள்ளை மை பூசுகிறவளை நான் வார்டிலேயே நிற்க விடமாட்டேன்.

பிறகு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். கைக்கட்டை அவிழ்த்தேன். ஈரத்துணியை அவள் மேல் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேட்டேன். மருந்தை நிறுத்துவது கொடுப்பதைவிடப் பயங்கரம். கொடுத்தால் ஏதோ செய்கிறோம் என்று இருக்கும். நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் நம் மூச்சுச் சத்தமே நோயாளியின் நெஞ்சுச் சத்தமாகக் கேட்கும். ஒருமுறை என் புடவை உரசிய சத்தத்தைச் சளி என்று நினைத்து எழுந்தே விட்டேன்.

இரண்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. யாரும் எழுந்திருக்கச் சொல்லவுமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தங்கராஜ் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லிச் சைகை காட்டினேன். அவன் உட்காரவில்லை.

மூன்றே முக்காலுக்குப் பேச்சியம்மாள் இருமினாள். ஈரமான இருமல்.

டாக்டர் பெண் ஓடி வந்தாள். வலது பக்கம் அடியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். "சேச்சி, கேக்குது. கரகரன்னு கேக்குது. திரும்ப வருது. பம்ப் போடலாம்."

நானும் வைத்துக் கேட்டேன். கேட்டது. அவள் சொன்னது சரி. காலையில் சொன்னதும் தப்பாகிவிட்டால்? ஞாயிறு ஒரு தப்பு, திங்கள் ஒரு தப்பு, நடுவில் ஒரு பொம்பளை பிணம்.

"ஒரு நிமிஷம் டாக்டரே. அக்குளப் பாருங்க."

"சேச்சி, நேரமில்லா!"

"பாருங்க. விஷம் திரும்பி வந்தா நெஞ்சுல மட்டும் வராது. எல்லா இடத்துலயும் வரும்."

அவள் கைவிட்டுப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. கண்மணி விரிந்தே இருந்தது. நாடி நூற்றிருபதுக்குக் கீழே இறங்கவில்லை. நான் பேச்சியம்மாளை ஒருக்களித்து, முதுகில் தட்டி, "இருமு தாயி, இன்னொரு தடவ," என்றேன். இருமினாள். காய்ந்த கோந்துபோல் ஒரு கட்டிச் சளி வந்து என் கையுறையில் விழுந்தது. மறுபடி கேட்டோம். தெளிவாக இருந்தது. நிறுத்திய மருந்து உலர்த்தி வைத்த பழைய சளிதான் அது.

டாக்டர் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு நேரத்தைக் குறித்தேன்.

ஐந்து மணிக்கு மேல் வயிற்றில் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாயில் காற்று வருவதுபோல் ஒன்று. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அவள் மேலுதட்டின் மேல் பொட்டுப் பொட்டாக வியர்வை பூத்தது. முப்பத்துமூன்று வருடத்தில் எத்தனையோ பேரின் வியர்வையைத் துடைத்திருக்கிறேன். ஒருத்தி வியர்த்ததற்காக நான் அழுதது அன்று ஒருநாள்தான். சீஃபைக் கூப்பிட்டோம். குறைந்த அளவில் மருந்து மறுபடி ஆரம்பித்தது. கை அடங்கி, போர்வையின் மேல் சும்மா கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை இன்னொரு பயம் மிச்சமிருந்தது. தசைக்குச் சேதி போகும் கடைகளுக்கு அட்ரோபின் ஷட்டர் பொருந்தாது. எல்லாம் தெளிந்த பிறகும் கழுத்தும் மூச்சுத் தசையும் திடீரென்று துவண்டுபோகலாம். அதை முதலில் காட்டிக்கொடுப்பது கழுத்து. முந்தின நாள்வரை சொன்னதைக் கேட்கும் நிலையில் அவள் இல்லை என்பதால் சோதிக்க முடியவில்லை.

போய்ப் பார்த்தபோது அவள் கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். நான் குனிந்தேன்.

"பேச்சியம்மா, தலையணையிலேர்ந்து தலையத் தூக்கு."

என்னைப் பார்த்தாள். தூக்கவில்லை.

"தூக்கு தாயி. கொஞ்சமாவது."

"எதுக்கு?" என்றாள், எரிச்சலோடு. குரல் கம்மியிருந்தது. பிறகு தூக்கினாள். நன்றாகத் தூக்கினாள். நான் ஐந்துவரை எண்ணும்வரை பிடித்தாள்.

கதவுக்கு வெளியே பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினேன். தங்கராஜ் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தான்.

எனக்கு மெமோ வந்தது. சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. நியாயம்தான். நான் எதிர்த்து எழுதவில்லை. அதற்குப் பிறகு என் கீழ் வேலை பார்த்தவர்களிடம் ஒன்றையே சொல்லிச் சொல்லி வெறுப்பேற்றினேன். 'கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ கிள்ளுகின்றன' என்று எழுது. அதோடு நிறுத்து. ஏன் கிள்ளுகின்றன என்று உனக்குத் தெரிந்தால் அதை டாக்டரிடம் சந்தேகமாகச் சொல், தாளில் முடிவாக எழுதாதே. நீ பார்த்ததை எழுதினால் அடுத்தவளும் பார்ப்பாள். நீ நினைத்ததை எழுதினால் அவள் பார்க்க மாட்டாள். குறிப்பாக உன் ஊர்க்காரர், உன் பாஷைக்காரர் என்றால் இரண்டு மடங்கு கேள். தெரியாதவர்களிடம் நாம் கேட்போம். தெரிந்தவர்கள் என்று நினைப்பவர்களிடம்தான் கேட்காமல் விடுவோம்.

ஆனால் இந்தப் பாடமெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. என்னை அன்று நிஜமாகவே அறைந்தது வேறொன்று.

புதன்கிழமை அவளை வார்டுக்கு மாற்ற வேண்டும். தள்ளுவண்டி வரக் காத்திருந்தோம். கட்டின தடம் அவள் மணிக்கட்டில் சிவப்பாக இருந்தது. அதில் மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தமிழ் தெரியும்ல," என்றாள்.

"தெரியும்."

"படுக்கை பூரா எறும்பு சிஸ்டரே. கறுப்பு எறும்பு. போர்வையில, கையில, வாயில எல்லாம். பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன், தீரவே இல்ல. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் மலையாளம் பேசினாங்க. தெரிஞ்ச பாஷதான், அப்ப ஒண்ணும் தலையில ஏறல. அப்புறம் நீங்க வந்தீங்க. தமிழ்ல பேசினீங்க. அப்பாடான்னு இருந்துச்சு. எறும்பு, எறும்புன்னு உங்ககிட்டத்தான் சொன்னேன்."

நான் தடவுவதை நிறுத்தினேன்.

"நீங்க குனிஞ்சு, நல்லா கிள்ளுன்னு சொன்னீங்க," என்றாள். "அதான் விடாம கிள்ளினேன்."